ரப்பர் மரத்துக் கல்பாசி

கல்பாசி என்று ஒரு சாமான் உண்டு. ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறுபக்கம் கரி பூசியதுபோலக் கறுப்பு, ஓரமெல்லாம் சுருண்டிருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் யாரோ காகிதத்தைக் கொளுத்தி மளிகைச் சாமானில் போட்டுவிட்டதாக நினைப்பார்கள். சும்மா முகர்ந்தால் ஒரு மண்ணும் தெரியாது. சூடான எண்ணெயில் போட்டால் போதும், நாலு வீடு தள்ளி இருப்பவருக்கும் இன்றைக்கு இங்கே கறிக்குழம்பு என்று தெரிந்துவிடும்.

இது பாசியே அல்ல என்று இப்போது சொல்கிறார்கள். ஒரு பூஞ்சணமும் ஒரு பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாகக் குடித்தனம் நடத்துகின்றனவாம். மழையிலும் வெயிலிலும் வெறும் கல்லில், மரப்பட்டையில் கிடக்க வேண்டியிருப்பதால், வேறு கிருமி வந்து தன்மேல் குடியேறாதபடி சில கசப்பான பொருள்களைத் தானே உண்டாக்கி வைத்துக்கொள்கிறதாம். அந்தப் பொருள்கள்தான் குழம்பை ஊசவைக்கும் கிருமிகளையும் அடக்குமாம், எண்ணெய் சிக்கு வாடை பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளுமாம். ரொம்பச் சந்தோஷம். எங்கள் அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை, கறிக்குழம்பு என்றால் இரண்டு விரலால் கல்பாசியைக் கிள்ளிப் போடாமல் சட்டியை இறக்கமாட்டாள். காரணம் கேட்டால், "போட்டா நாளைக்கும் நல்லாருக்கும்" என்பாள். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

நான் சொல்ல வந்தது, அந்த இரண்டு விரல் கல்பாசியால் என் குடித்தனமே கவிழ இருந்த கதை.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த சமயம், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட காலம். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டேன். நான் போனபோது அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். காலையில் திறப்பார்கள், மாலையில் பூட்டுவார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்ட முடியாது. பால் டின் வாங்கினால், காட்டுக்கு அனுப்பிச் சேர்த்து வைக்க முடியாதபடி கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். உள்ளே என்ன கொண்டு வருகிறோம் என்பதைப் பற்றி மட்டும் யாருக்கும் அவ்வளவு கவலை இல்லை.

வீட்டில் நாங்கள் நாலு பேர். மாமியார், வீட்டுக்காரர், நாத்தனார், நான். என் மாமியார் திட்டமாட்டார். திட்டினால் திருப்பிக் கொடுத்திருப்பேன். குழம்பில் உப்புக் குறைந்தால், "பரவால்ல, ஒங்கம்மா சொல்லிக் குடுக்கல போல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போவார். அந்தப் 'பரவால்ல'யை வைத்து ஒரு ஆளைக் கொல்லலாம். வீட்டுக்காரருக்கு ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை. நல்ல மனிதர், கை நீட்டமாட்டார், குடிக்கமாட்டார், பேசவும் மாட்டார். எனக்கும் அவருடைய அம்மாவுக்கும் லேசாகப் புகைய ஆரம்பித்தால் சைக்கிள் சங்கிலியைச் சரிபார்க்கப் போய்விடுவார். அந்த ஆறு மாதத்தில் அந்தச் சங்கிலியைப் போல் பராமரிக்கப்பட்ட சங்கிலி நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே இருந்திருக்காது. இந்த வீட்டில் எனக்கென்று பேச ஒரு ஆளும் இல்லை என்று நான் ரொம்பச் சீக்கிரமே முடிவுகட்டிவிட்டேன்.

நாத்தனாருக்குப் பகாவ் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அந்த இடம் அமையவேண்டும் என்றுதான் வீட்டுக்காரர் முருகனுக்குக் காவடி நேர்ந்து, மாலை போட்டு விரதம் இருந்தார். பங்குனி உத்திரம் வரைக்கும் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. மாமியாருக்கு அதில் அவ்வளவு பெருமை. பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போதும் அந்த விரதத்தைப் பற்றித்தான் பேச்சு.

வெள்ளிக்கிழமை பகாவில் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்து எங்கள் வீட்டில் என்று முடிவானது. விருந்து என்றால் ஆட்டுக்கறி. ஆனால் கறி ஏற்றி வரும் லோரி சனிக்கிழமை காலையில்தான் வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அனுமதி எழுதி வாங்க வேண்டிய காலம். நினைத்தபோது இன்னொரு ஆட்டை வெட்ட முடியாது. அரிசிக்கே பக்கத்து வீடுகள் ஆளுக்கு ஒரு குவளை தங்கள் பங்கிலிருந்து தந்திருந்தார்கள். சனிக்கிழமை சமைத்து ஞாயிறு மதியம் பரிமாறினால் குழம்பு ஊசாமல் இருக்குமா என்று மாமியார் கவலைப்பட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"என்கிட்ட விடுங்க அத்தே. கல்பாசி போட்டுச் செஞ்சா மறுநா மத்தியானம் வரைக்கும் அப்படியே இருக்கும். எங்கம்மா சொல்லிக் குடுத்திருக்கு" என்றேன். 'எங்கம்மா'வில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, ஒன் பொறுப்பு" என்றார். சமையல் முழுக்க முதல்முறையாக என் கைக்கு வந்தது. சாமான் பெட்டியைத் திறந்து பார்த்தால் கல்பாசி டப்பாவில் தூசுதான் இருந்தது. பெடாஸ் கடைக்காரரிடம் கேட்டதற்கு, "கப்பல் வரலம்மா. வந்தாத்தான்" என்று சொல்லிவிட்டார். மாமியாரிடம் போய், கல்பாசி இல்லை என்று சொல்லலாம்தான். 'பரவால்ல' என்பார். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

வியாழக்கிழமை பால் வெட்டிக்கொண்டிருந்தேன். மாசி, பங்குனியில் ரப்பர் மரம் இலை கொட்டும். மேலே கிளையெல்லாம் மொட்டையாக, தோட்டத்துக்குள் என்றுமில்லாத வெளிச்சம். அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன். சின்னப் பாலத்துக்கு அந்தப்பக்கம் இருந்த கிழட்டு மரங்களின் பட்டையில் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகச் சுருண்டு சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் கண்ணில் படுகிற சமாச்சாரம்தான். அதுநாள் வரை அது மரத்துக்கு வந்த சொறி என்று நினைத்திருந்தேன். ஒரு துண்டைக் கிள்ளித் திருப்பினேன். அடியில் கறுப்பு. ஓரம் சுருள். அட, கப்பலே வராவிட்டால் என்ன!

என் கழுத்து உயரத்துக்கு நாலைந்து மரங்களில் வெட்டுக்கத்தியால் சுரண்டி முந்தானையில் முடிந்துகொண்டேன். கேட்டில் நின்ற மலாய்க்காரப் போலீஸ்காரர் முடிச்சைக் காட்டச் சொன்னார், பார்த்தார், முகத்தைச் சுளித்தார், போ என்று கையை ஆட்டினார். வீட்டில் அலசி, அடுப்பு மேட்டில் காயவைத்து, ஒரு துண்டை எண்ணெயில் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் ஈரக்கட்டை வாடை. அதற்குப் பின்னாலேயே வந்துவிட்டது கல்பாசி வாசனை. எனக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சமையல் பிரமாதமாக அமைந்தது. மத்தியானம் இறக்கிய குழம்பு ஆறியதும் வாயில் துணி கட்டி மூடிவைத்தேன். சாயங்காலம் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால் துணி ஒரு பக்கம் நெகிழ்ந்திருந்தது, குழம்பும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுப் பூனையை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, மறுபடி ஒரு கொதி விட்டு உறியில் தூக்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியாரே வந்து சட்டியைத் திறந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புளிப்பு வாடை இல்லை, நுரை இல்லை, அப்போதுதான் இறக்கியதுபோல எண்ணெய் தெளிந்து நின்றது. அவர் குனிந்து முகர்ந்தார், இன்னொரு முறை முகர்ந்தார். "ம். ஒங்கம்மா நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கு" என்றார். ஆறு மாதத்தில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. இட்லிக்கு மாவு கரைக்கிற சாக்கில் பின்கட்டுக்குப் போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. மண்டோர் லயம் லயமாகச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். மண்டோர் என்றால் எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர்.

"மாடு வச்சிருக்கவங்க எல்லாம் கேட்டுக்குங்க! பாலத்துக்கு அந்தாண்ட கெழட்டு மரத்துக்கெல்லாம் திங்கக்கெழமையிலேருந்து மருந்து அடிச்சிருக்கு. எல்லாம் சாகப்போற மரம். அந்தப் பக்கம் மாட்டப் பத்தாதீங்க. நேத்தே ஒண்ணு புல்லத் தின்னு செத்துப்போச்சு லா!"

மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாகடிக்கும் மருந்து அது. அடிமரத்தைச் சுற்றிக் கொத்திவிட்டு மருந்தைப் பூசுவார்கள், மரம் இலை கொட்டி நின்றபடியே செத்துப்போகும். கொடிய விஷம். வெளியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அந்த வேலையைச் செய்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. வேறு மாதமாக இருந்திருந்தால் மொட்டை மரத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். இலையுதிரும் மாதத்தில் எல்லா மரமும்தான் மொட்டை. அடிமரமோ புதருக்குள் மறைந்துகிடந்தது. திங்கட்கிழமையிலிருந்து மருந்து, வியாழக்கிழமை நான் சுரண்டியிருக்கிறேன்.

கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. சம்பந்தி வீட்டார் இருபது பேர் வரப்போகிறார்கள். இரண்டு நாள் முன்பு தாலி கட்டிக்கொண்ட நாத்தனார் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடப்போகிறாள்.

தோட்டத்து டிரெஸ்ஸர் வீட்டுக்கு ஓடினேன். நூறு பேருக்கு மருந்து கொடுக்கிற, ஊசி போடுகிற மனிதர். கிறிஸ்தவர். சாலையில் பிரச்சினை என்று பாதிரியார் வரமுடியாத ஞாயிறுகளில் தன் வீட்டிலேயே ஜெபம் நடத்துவார். வேதப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "மரத்துல எந்த ஒசரத்துல எடுத்த?" என்று கேட்டார்.

"கழுத்து ஒசரங்க ஐயா."

"மருந்து பூசுறது கணுக்கால் ஒசரத்துல. இந்தப் பாசிக்கு வேர் கெடையாதும்மா. மரத்து மேல உக்காந்திருக்குமே தவிர மரத்த உறிஞ்சாது. காத்தையும் மழையயும் வச்சுப் பொழைக்குது. அதனால விஷம் ஏறியிருக்காதுன்னுதான் நெனைக்கிறேன்."

எனக்கு உயிர் பாதி திரும்பியது.

"நெனைக்கிறேன்னுதான் சொன்னேன்" என்றார் அவர். "பூசுறவன் வாளியத் தூக்கிக்கிட்டு நடந்திருப்பான், பிரஷ்ஷ ஒதறியிருப்பான், எங்க தெறிச்சுச்சுன்னு யாருக்குத் தெரியும்? அந்தக் கறிய யாராச்சும் நேத்து சாப்ட்டாங்களா?"

"நான் உப்புப் பாக்க ஒரு சொட்டு நாக்குல வச்சேன்."

"அது பத்தாது. நேத்து யாராச்சும் நல்லாச் சாப்ட்டு இன்னிக்கு எழுந்து நடமாடினா நானே வந்து எலை போட்டு உக்காந்திருப்பேன். யாரும் சாப்பிடல. குழி வெட்டி ஊத்திடு."

திரும்பி வந்த வழி ரொம்பக் கொஞ்சம்தான். அதற்குள் நூறு பொய் யோசித்தேன். சட்டி தவறி விழுந்தது என்று சொல்லலாம். பூனை மறுபடியும் வந்தது என்று சொல்லலாம். ஆனால் விருந்தே இல்லாமல் போகப்போகிறது, அதற்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு. இதற்குமேல் பொய்யும் சொன்னால் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதே நியாயம் என்று எனக்கே பட்டது. மாமியார் முன்னால் நின்று, கடையில் கல்பாசி கிடைக்காததிலிருந்து டிரெஸ்ஸர் சொன்னதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மாமியார் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "மரத்துச் சொறியச் சொரண்டி என் மவ விருந்துல போட்டியா?" என்றார். அவ்வளவுதான். 'பரவால்ல' என்று சொல்லவில்லை. சொல்லமாட்டாரா என்று அன்றைக்கு ஏங்கினேன்.

உறியிலிருந்து சட்டியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தேன். அழுதுகொண்டேதான் நடந்தேன், வெட்கமில்லாமல். வாசல்படியில் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். உள்ளே பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் வெளிறியிருந்தது.

"சட்டியக் கீழ வையி" என்றார்.

"விடுங்க, ஊத்தணும்."

"ஊத்தாத." அவர் கை கழுத்திலிருந்த மாலையைப் பிடித்துக்கொண்டது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற தன் அம்மாவைப் பார்த்தார். "அம்மா, நேத்து சாயங்காலம் நான் அந்தக் கறியச் சாப்ட்டேன்."

"என்னடா சொல்ற?"

"நீங்க ரெண்டு பேரும் பைப்படிக்குப் போனப்ப. வேல விட்டு வந்தேன், அந்த வாசன... நாலு துண்டுதாம்மா." தலையைச் சொறிந்தார். "நாலு இல்ல. எட்டு, ஒம்போது இருக்கும். கொழம்பும் ஊத்திக்கிட்டேன்."

ஏசப்பட்ட பூனையை நினைத்து எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது அடங்கிவிட்டது. ஒன்பது துண்டு! விஷமாக இருந்தால் இந்த மனிதர் இந்நேரம் என்ன ஆகியிருப்பார்? நான் சட்டியைப் பொத்தென்று வைத்துவிட்டு அவர் நெற்றி, வயிறு எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், மாமியார் முன்னால், பட்டப்பகலில். ஆறு மாதத்தில் அப்படி நான் அவரைத் தொட்டதே இல்லை.

டிரெஸ்ஸரைக் கூட்டிவந்தோம். அவர் வீட்டுக்காரரின் நாக்கை நீட்டச் சொன்னார், நாடி பார்த்தார், வயிற்றை அழுத்தினார்.

"ராத்திரி வாந்தி எடுத்தியா?"

"இல்லீங்க."

"வயித்தால போச்சா? தொண்ட எரிச்சல்?"

"இல்லீங்க. காலைல நல்லாப் பசிச்சுது."

"பதினஞ்சு மணி நேரம் ஆச்சு. அந்த மருந்தா இருந்தா இந்நேரம் ஒன்னத் தூக்கிக்கிட்டில்ல வந்திருப்பாங்க!" டிரெஸ்ஸர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார், முகர்ந்தார். "நேத்து வச்ச கொழம்பா இது?" என்று வியந்துகொண்டே பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் விரதம் முறிந்தது ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. மருந்துக்குத் தப்பிவிட்டோம் என்று தனக்குள் நினைத்துக்கொண்டு, ஊருக்கு முன்னால் காவடியைத் தூக்கியிருக்கலாம். மெதுவாகக் கேட்டேன், "ஏங்க சொன்னீங்க?"

"நீ சட்டியத் தூக்கிக்கிட்டுப் போனியே, அதப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா நிக்கிறது?" என்றார். பிறகு வழக்கம்போல சைக்கிள் பக்கம் போய்விட்டார். மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டியிருந்தார். மாமியார் அதையே வெறித்துப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய் அடுப்பை ஊத ஆரம்பித்தார்.

சம்பந்தி வீட்டார் கேட்டில் சோதனை முடிந்து உச்சிப்பொழுதுக்கு வந்து சேர்ந்தார்கள். இலை போட்டதும் முதலில் தேவைப்பட்டது வீட்டுக்காரர்தான். பெண்ணின் அண்ணன் உட்காராமல் எப்படி? உட்கார்ந்தார், தலையைக் குனிந்துகொண்டு. சம்பந்தியம்மாவின் கண் நேராக அவர் கழுத்துக்குப் போனது.

"தம்பி மால போட்டிருந்தாரே, என்னாச்சு?" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் அடுக்களையிலிருந்து கறிச்சட்டியோடு வந்துவிட்டார். குனிந்து மகன் இலையில் இரண்டு கரண்டி கறியை வைத்தார்.

"விரதம் முடிஞ்சிருச்சு சம்பந்தி. மிச்சத்த முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அவர் குரலில் இருந்த அழுத்தத்துக்கு அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பரிமாற நின்றுகொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். "நீ என்ன நிக்கிற? உக்காரு" என்று வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஒரு இலையைத் தள்ளினார். வந்தவர்கள் சாப்பிடும் பந்தியில் மருமகள் உட்காருவதா? நான் தயங்கினேன். தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்துவிட்டார். சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, நல்லி எலும்பைத் தேடி எடுத்தார். அந்த வீட்டில் எப்போது கறி எடுத்தாலும் நல்லி எலும்பு மகனுக்குத்தான் போகும். அதை என் இலையில் வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.